இடது கால் இறங்கச் சுணங்குகிறது

“அக்கா, மூணாவது லைட் எரியலக்கா.”

வயர்லெஸ்ஸில் என் தம்பி என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆறு வருடமாக இந்த விமான நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே பறக்கும்போது அவனுக்கு நான் ‘நிலையம்’. “நிலையம், இருபது மைலில் இருக்கிறேன். நிலையம், காற்று எந்தப் பக்கம்?” என்று செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசுவான். வேலை என்றால் வேலை மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. வீட்டுக்கு வந்து பாத்திர மூடியைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் திரும்பவும் என் தம்பி ஆவான். அப்படிப்பட்டவன் வானத்திலிருந்து அக்கா என்கிறான்.

விமான நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓடுபாதை, ஒரு தகர ஷெட், மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த என் அறை, கீழே முதலாளியம்மாவின் ஆபீஸ். எங்கள் கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு சரக்கு விமானம். இரண்டு எஞ்சின், ஒரு பைலட். அந்தப் பைலட் என் தம்பி. விமானத்துக்கு மெக்கானிக் என் வீட்டுக்காரர். குடும்பமே ஒரு விமானத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலாளியம்மா கேலி செய்வார்.

அந்த விமானத்துக்கு மூன்று கால்கள். சக்கரத்தையும் அதைத் தாங்கும் தண்டையும் சேர்த்து நாங்கள் கால் என்றுதான் சொல்வோம். மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்று. மேலே ஏறியதும் மடங்கி உள்ளே போய்விடும். இறங்கும் நேரத்தில் பைலட் ஒரு பிடியைத் தள்ளினால் எண்ணெய் அழுத்தத்தில் வெளியே வந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் அவன் முன்னால் பச்சை விளக்கு எரியும். மூன்று காலுக்கு மூன்று விளக்கு.

“எந்தக் கால்?” என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். எனக்குத் தெரியும்.

“இடது கால்.”

அவன் குரலுக்குப் பின்னால் கீச் கீச் என்று ஒரே இரைச்சல். அன்றைக்குச் சரக்கு கோழிக்குஞ்சுகள். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத நாலாயிரம் குஞ்சுகள், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில். அவன் மைக்கை அழுத்தும்போதெல்லாம் அவையும் சேர்ந்து பேசின.

“பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

“ஒரு மணி நேரத்துக்கு வரும்.”

“அப்ப மேலயே சுத்திக்கிட்டு இரு. உன் மச்சானைக் கூப்பிடறேன்.”

“சரி, நிலையம்” என்றான். மச்சான் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் மறுபடியும் நிலையம் ஆகிவிட்டேன். உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் வீம்பைப் பாருங்கள்.

என் வீட்டுக்காரரும் தம்பியும் நாற்பத்தொரு நாளாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். அதற்கு முன்னால் நகமும் சதையுமாக இருந்தவர்கள். அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனால், வெட்ட இவர் தலையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். நீங்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டது என்னையா அவனையா என்று நானே கேட்டிருக்கிறேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு புத்தகம். விமானத்தில் குறைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பறந்துவிட்டு வந்த பைலட் என்ன குறை கண்டானோ அதை எழுத வேண்டும். மெக்கானிக் அதைச் சரி செய்துவிட்டு, என்ன செய்தார் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தம்பி, ‘ஜன்னல் ஓரம் விசில் அடிக்கும் சத்தம் வருகிறது’ என்று எழுதினான். இவர் ஜன்னல் ரப்பரை மாற்றிவிட்டு, ‘சரி செய்யப்பட்டது. இனியும் விசில் சத்தம் வந்தால் பைலட்டைச் சோதிக்கவும்’ என்று எழுதிவைத்தார். சரக்கு ஏற்றுகிறவர்கள் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு அவன் எந்தப் பக்கம் போனாலும் யாராவது விசில் அடித்தார்கள். கடுப்பில் அவன் அடுத்த பக்கத்தில், ‘வலது டயர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. மெக்கானிக்கின் தலை அளவுக்கு இன்னும் வரவில்லை’ என்று எழுதினான். என் வீட்டுக்காரரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சிரித்துக்கொள்வார். தலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

முதலாளியம்மா புத்தகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் நிற்க வைத்து விளாசினார். இனிமேல் இதில் விமானத்தைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்றார். அதோடு அவர்களுக்குள் பேச்சும் நின்றது, தம்பி எழுதுவதும் நின்றது. தினமும் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். உண்மையான குறையைச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொல்வான்.

“அக்கா, வலது எஞ்சின் சூடு கொஞ்சம் ஏறுதுன்னு சொல்லிடு.”

சொல்ல வேண்டிய ஆள் எதிர் நாற்காலியில்தான் இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் ஜாடிதான். ஆனாலும் ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் திரும்பி, “ஏங்க, வலது எஞ்சின் சூடு ஏறுதாம்” என்று சொன்ன பிறகுதான், அந்த நிமிடம் கேள்விப்படுகிறவர் மாதிரி புருவத்தைத் தூக்கி, “அப்படியா? காலையில பாக்கறேன்னு சொல்லு” என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி, “காலையில பாக்கறாராம்” என்பேன். இவர்கள் வைத்திருந்த சட்டம் அது. என் வாய் வழியாக வந்தால்தான் செல்லும்.

அதற்காக ஒருவர் மேல் ஒருவருக்குப் பாசம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. அவன் வெளியூரில் இவர் கைக்குச் சரியாக வருகிற கையுறையைத் தேடி வாங்கிவந்து மேசையில் போட்டுவிட்டு, “அக்கா, வழியில கிடந்துச்சு” என்பான். விலைச்சீட்டுகூடக் கிழித்திருக்க மாட்டான். மழை நாளில் அவன் வரத் தாமதமானால் இவர் மாடிப்படியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்றால், “மழை விடுமான்னு” என்பார். இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கும் எனக்கு.

மூன்று நாளைக்கு முன்னால் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு மேசையில் தம்பி சொன்னான்: “அக்கா, இடது கால் இறங்கச் சுணங்குது. ரெண்டு லைட் எரிஞ்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மூணாவது எரியுது. சொல்லிடு.”

“நான் என்ன தபால் பெட்டியா? எதிர்லதான உக்காந்திருக்கார். உனக்கு நாக்கு இருக்குல்ல? நீயே சொல்லு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் சொல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கொரு கணக்கு. அன்று முதல் வேலைநிறுத்தம். அடுத்த நாளும் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. சமாதானம் செய்து வைக்கிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இடது கால் வராமல் அவன் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

ஜன்னலைத் திறந்து ஷெட்டைப் பார்த்துக் கத்தினேன். என் குரலில் என்ன இருந்ததோ, இவர் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மாடிப்படி பன்னிரண்டையும் நாலு தாவலில் ஏறினார்.

“இடது கால் இறங்கலையாம்.”

முகம் வெளுத்துப் போனது அவருக்கு. ஆனாலும் மைக்கைத் தொடவில்லை. “கை பம்ப் அடிச்சானான்னு கேளு” என்றார்.

பம்ப் என்பது அவசரத்துக்கு. எஞ்சின் எண்ணெயை அழுத்தாவிட்டால் பைலட் கையாலேயே அடித்து அழுத்தலாம். கேட்டேன். “அடிச்சேன். ரெண்டு கால் கெட்டியா நிக்குது. இடது கால்தான் வரல” என்றான்.

“எத்தனை தடவை அடிச்சானாம்?”

“எத்தனை தடவைடா அடிச்சே?”

“எண்பது.”

“எண்பதாம்.”

“அடிக்கும்போது கைக்குக் கனமா இருந்துச்சா, லூசா இருந்துச்சான்னு கேளு.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து அவர் தோளைப் பிடித்து அமுக்கி என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மைக்கை அவர் எண்ணெய்க் கைக்குள் திணித்தேன். “நீங்களே கேளுங்க. இனிமே ஒரு வார்த்தை என் வழியா போகாது” என்றேன்.

அவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மாப்ள” என்றார்.

வயர்லெஸ்ஸில் கீச் கீச் மட்டும் கேட்டது. அவன் மைக்கை அழுத்திவிட்டான், பேச்சு வரவில்லை. நாலாயிரம் குஞ்சுகளும் பேசி முடித்த பிறகு, “சொல்லுங்க மச்சான்” என்றான். நாற்பத்தொரு நாள் கழித்து. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“பம்ப் கனமா இருந்துச்சா?”

“கல்லு மாதிரி இருந்துச்சு மச்சான்.”

“அப்ப எண்ணெய் இருக்கு. கால்தான் எங்கயோ பிடிச்சுக்கிட்டு நிக்குது. தாழ்வா ஒரு தடவை உங்கக்கா ஜன்னல் முன்னாடி போ. பாத்துச் சொல்றேன்.”

அவன் ஓடுபாதை மேல் தாழ்வாகப் பறந்து போனான். இவர் பைனாகுலரை வைத்துப் பார்த்தார். வலது கால் நேராக நின்றது. மூக்குக் கால் நேராக நின்றது. இடது கால் மட்டும் பாதி மடங்கித் தொங்கியது. அடிபட்ட பறவை காலைத் தூக்கிக்கொண்டு பறப்பது போல இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

“போன வாரம் சேத்துல இறங்கினான்ல” என்றார் என்னிடம். “கீல் முழுக்க மண்ணு ஏறிக் காஞ்சிருக்கும். மண்ணெண்ணெய் ஊத்தி பிரஷ் போட்டா பத்து நிமிஷ வேலை.”

பத்து நிமிடம்.

அவனை இன்னும் உயரமாக ஏறச் சொன்னார். ஏற ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “ஏங்க, மூணு நாளைக்கு முன்னாடியே அவன் சொன்னான். இடது கால் சுணங்குதுன்னு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. என் பிள்ளை மாதிரி வளர்த்தவனை நானே...”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? எதிர்லதானே உக்காந்திருந்தேன். அவன் சொன்னது எல்லாம் காதுல விழுந்துச்சு. நீ எடுத்துச் சொல்லட்டும்னு இருந்தேன். நீ சொல்லல. அடுத்த நாள் ஜாக்கியைக்கூட எடுத்தேன். சொல்லாததைப் போய்ப் பாத்தா நான் இறங்கிப் போனதா ஆயிடுமேன்னு திரும்ப வச்சுட்டேன். எனக்குப் புத்தி இல்ல.”

திட்டுவதற்கு நிறைய இருந்தது. அதற்கு முதலில் அவன் உயிரோடு கீழே வர வேண்டும்.

“மச்சான், ஏறிட்டேன்.”

“நல்லாக் கேட்டுக்கோ. மூக்கைக் கீழ இறக்கு. வேகம் வரட்டும். வந்ததும் சடார்னு தூக்கு. உன் உடம்பே நாற்காலியில அமுங்கணும். அந்த அமுக்கத்துல கால் தானா கீழ விழும்.”

“குஞ்சுங்க பாவம் மச்சான்.”

“அதுங்களுக்கு நான் அப்புறம் மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ தூக்கு.”

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சத்தம் ஓங்கி அடங்கும்போது என் கை ஜன்னல் கம்பியை இறுக்கியது. கீழே முதலாளியம்மா ஆபீஸுக்கு வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் போன் போட்டு வரவழைத்த தீயணைப்பு வண்டி ஓடுபாதை ஓரத்தில் தயாராக நின்றது. அதன் டிரைவர் எங்கள் மூவரையும் நன்றாகத் தெரிந்தவர். என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, பயப்படாதே என்று கையைக் காட்டினார்.

மூன்றாவது தடவை அவன் கத்தினான்: “எரியுது மச்சான்! இல்ல, அணைஞ்சுடுச்சு. எரியுது. விட்டு விட்டு எரியுது.”

இவர் கண்ணை மூடி யோசித்தார். “கால் இறங்கிடுச்சு மாப்ள. கொக்கி மாட்டல. மண்ணு மறிக்குது. பம்பை அடி. அடிச்சா லைட் நிக்குதா?”

“நிக்குது. நிறுத்தினா அணையுது.”

“அப்ப எண்ணெய்தான் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நீ அடிக்கிற வரைக்கும் நிக்கும். புரியுதா? தரையில நிக்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.”

“ஒத்தைக் கையில இறக்கச் சொல்றீங்களா?”

“எஞ்சின் வேகத்தை முன்னாடியே குறைச்சு வச்சுடு. இடது கையால ஓட்டு. வலது கை பம்ப்ல. முதல்ல வலது சக்கரத்தை வை. இடது இறக்கையை முடிஞ்ச மட்டும் தூக்கிப் பிடி. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அந்தத் தாளத்துக்கு அடி. எண்ணாதே. யோசிக்காதே. என் குரலைக் கேளு, போதும்.”

“மச்சான்.”

“சொல்லு.”

“தலையைப் பத்தி எழுதினது தப்பு.”

“கீழ வந்து சொல்லுடா” என்றார். மைக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடியும் அழுத்தினார்.

தீப்பிடித்துவிடக் கூடாது என்று, பெட்ரோல் முக்கால்வாசி தீரும் வரை அவன் சுற்றினான். பிறகு மேற்கிலிருந்து ஓடுபாதைக்கு நேராக வந்தான். சாயங்கால வெயிலில் விமானம் சின்னதாகத் தெரிந்தது. இவர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

“அடி. அடி. அடி.”

ஒரே சீரான குரல். அவசரமும் இல்லை, பயமும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் முதுகைத் தட்டிக்கொண்டே ஒரு குரலில் பேசுவாரே, அந்தக் குரல். விமானம் வேலியைத் தாண்டியது. “அடி. அடி.” வலது சக்கரம் தரையைத் தொட்டது, லேசாகப் புழுதி பறந்தது. “அப்படித்தான். அடி.” இடது இறக்கை மேலே தூக்கியே இருந்தது. ஓடியது, ஓடியது. வேகம் குறையக் குறைய இறக்கை மெல்லத் தாழ்ந்தது. இடது சக்கரம் தரையைத் தொட்டது. கால் மடங்காமல் நின்றது. மூச்சு வந்தது எனக்கு. என் அறையைத் தாண்டி, ஷெட்டைத் தாண்டி, மூன்று காலிலும் ஓடியது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போதுதான் இடது கால் மடிந்தது. இறக்கை தரையில் உரசி, தீப்பொறி பறந்து, விமானம் அரை வட்டம் சுற்றிப் புல்லில் போய் நின்றது. புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு ஓடியது.

“அடி. அடி. அடி” என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வயர்லெஸ்ஸில் இரைச்சல்கூட இல்லை. அந்தப் பக்கம் எல்லாம் அணைந்துவிட்டது. “ஏங்க” என்றேன். கேட்கவில்லை. புழுதியையே பார்த்துக்கொண்டு, “அடி மாப்ள, கையை எடுக்காதே, அடி” என்றார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை வாங்கினேன்.

புழுதி அடங்கியது. விமானத்தின் கதவு திறந்தது. ஒரு ஆள் தடுமாறி இறங்கினான். இறங்கியவன் ஓடவில்லை. திரும்பிக் கதவுக்குள் கையை விட்டு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துப் புல்லில் வைத்தான். அடுத்த பெட்டியை எடுக்கப் போனவனைத் தீயணைப்பு டிரைவர் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் ஜன்னலில் தலையை வைத்துச் சிரித்தேனா அழுதேனா தெரியாது. பக்கத்தில் இவர் இல்லை. படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. நான் கீழே போவதற்குள் பாதித் தூரம் ஓடிவிட்டார். ஐம்பது வயதில் அப்படி ஓடுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் கட்டிப் பிடிப்பார் என்று பார்த்தேன். அதெல்லாம் இல்லை. எஞ்சினைச் சோதிப்பது போல அவனைச் சோதித்தார். “கையை மடக்கு. நீட்டு. கழுத்தைத் திருப்பு. இங்க அமுக்கினா வலிக்குதா?” அவனும் சொன்னபடியெல்லாம் மடக்கி நீட்டிக் காட்டினான். தாடையில் ஒரு வெட்டு, வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. குஞ்சுகள் இரண்டு பெட்டி நசுங்கின, மற்றவை பிழைத்தன. சரக்கு ஏற்றுகிறவர்கள் ஷெட் நிழலில் பெட்டிகளை வரிசையாக வைத்து மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து தாடையில் பிளாஸ்திரியும் கையில் கட்டுமாக அவனை ஆபீஸ் வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர் அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். முதலாளியம்மா குறைப் புத்தகத்தோடு வந்தார்.

“விமானம் போனா போகட்டும், ஆள் இருக்கான். அது போதும் எனக்கு” என்றார். “ஆனா நாளைக்கு ஆபீசருங்க வந்து கேப்பாங்க. முப்பது பக்கமா குறை ஒன்றும் இல்லை, குறை ஒன்றும் இல்லைன்னு எழுதியிருக்கே. அப்புறம் எப்படி கால் மடங்கிச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? மூணு பேரும் யோசிச்சு, நடந்தது நடந்தபடி எழுதிக் குடுங்க.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“என்ன யோசிக்கறது? நான்தான் எழுதணும்” என்றேன். “அவன் என்கிட்ட சொன்னான், நான் சொல்லல.”

“உன்மேல என்ன இருக்கு? எனக்குக் காதுல விழுந்துச்சு. மெக்கானிக் நான்தானே?” என்றார் இவர்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றான் தம்பி. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அது மூணு நாளைக்கு முன்னாடி. நேத்து சாயங்காலம் இறங்கும்போது லைட் எரிய ரொம்ப நேரம் ஆச்சுக்கா. பத்து எண்ணினேன். பயந்துட்டேன். சண்டையாவது ஒண்ணாவது, நானே போய் சொல்லிடலாம்னு விமானத்தை ஷெட்டுல விட்டப்புறம் திரும்பவும் போனேன். வாசல்ல நின்னேன். வாய் வரல. மச்சானும் கண்ல படல. அதையே சாக்கா வச்சுக்கிட்டு வந்துட்டேன். அந்த விமானத்தைத்தான் இன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்.”

என் வீட்டுக்காரர் தன் எண்ணெய்க் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“பாத்தேன்” என்றார்.

தம்பி நிமிர்ந்தான்.

“எஞ்சினுக்கு அடியில படுத்திருந்தேன். அங்க இருந்து உன் பூட்ஸ் தெரிஞ்சுது. வந்து வாசல்ல நின்னுச்சு. உள்ள ஒரு அடி வச்சுது. வர்றான், வர்றான்னு எனக்கு மனசெல்லாம் அடிச்சுக்குது. அப்புறம் திரும்பிடுச்சு.” அவர் கையிலிருந்த எண்ணெயை வேட்டி நுனியில் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். “வா மாப்ளன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்துச்சு. நீ முதல்ல கூப்பிடுவேன்னு படுத்திருந்தேன். நீ போனப்புறமும் அந்த வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

தம்பி கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி விம்மினான்.

நாற்பத்தொரு நாளாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு என்னிடம் ஏகப்பட்டது இருந்தது. மேலே அவன் சுற்றும்போதுகூட, இறங்கி வாடா, உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்கிறேன் பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டு பேர் மேலும் அப்படியொரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. இருவரையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது கால் தானாகப் பெஞ்சை நோக்கிப் போனது.

அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. இருவரும் எனக்காக விட்டு வைத்த இடம். நான் அங்கே உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு தம்பியின் அந்தப் பக்கம், பெஞ்சு முடிகிற இடத்துக்குப் போனேன்.

“தள்ளி உக்காருடா” என்றேன்.

“எங்கக்கா தள்றது?”

“அந்தப் பக்கம்தான்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளினான். நான் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இடித்தேன். அவனும் இன்னும் கொஞ்சம் தள்ளி, அவன் மச்சான் தோளில் போய் முட்டி நின்றான். அவர் நகரவில்லை.